பேட்டரிக்குள்ளே ஒரு மஞ்சள் தூள்: காரீய ஆக்சைடு



இந்த மாதச் சுவர் இதழில் அறிவியல் பகுதிக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு காரீய ஆக்சைடு. பேரைக் கேட்டதும் ஓடிவிடாதீர்கள்! ஆட்டோ பேட்டரியிலும் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியிலும் இது இருக்கு. எங்க அப்பா சட்டையிலும் இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

காரீயம் எது, வெள்ளீயம் எது?

ஈயம் என்று நாம் சொல்வதில் இரண்டு உலோகங்கள் உண்டு. பாத்திரத்துக்குப் பூசுவதும், ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயம். பேட்டரியில் இருப்பது காரீயம். இதன் அணு எண் 82. இலத்தீன் மொழியில் பிளம்பம். ரோமானியர்கள் தண்ணீர்க் குழாய்களை இதில் செய்தார்கள். 'பிளம்பர்' என்ற பெயர் இதிலிருந்துதான் வந்தது.

காரீயம் ஆக்சிஜனோடு சேர்ந்து முக்கியமாக மூன்று ஆக்சைடுகளைத் தரும்.

1. காரீய மோனாக்சைடு: 1 காரீய அணு, 1 ஆக்சிஜன் அணு. மஞ்சள் அல்லது சிவப்பு நிறம். லித்தார்ஜ் என்றும் மிருதார்சிங்கி என்றும் சொல்வார்கள்.
2. செவ்வீயம்: 3 காரீய அணு, 4 ஆக்சிஜன் அணு. ஆரஞ்சு கலந்த சிவப்பு.
3. காரீய டை ஆக்சைடு: 1 காரீய அணு, 2 ஆக்சிஜன் அணு. கரும்பழுப்பு.

பண்புகள்

* மோனாக்சைடு மிகவும் கனமானது. அதே அளவு தண்ணீரைப் போல சுமார் 9½ மடங்கு எடை.
* உருகுநிலை 888 டிகிரி செல்சியஸ்.
* தண்ணீரில் அநேகமாகக் கரையாது.
* அமிலத்தோடும் வினைபுரியும், காரத்தோடும் வினைபுரியும். இதற்கு ஈரியல்பு ஆக்சைடு என்று பெயர். இந்தப் பண்பை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

பயன்கள்

கண்ணாடியில் இதைச் சேர்த்தால் பளபளப்பு கூடும். உயர்ரகப் படிகக் கண்ணாடியில் 24 சதவீதமும் அதற்கு மேலும் காரீய ஆக்சைடு இருக்கும். எக்ஸ்ரே கதிரைத் தடுப்பதால் எக்ஸ்ரே அறை ஜன்னல் கண்ணாடியிலும் சேர்ப்பார்கள். பழைய டப்பா டிவியின் படக்குழாயிலும் இது உண்டு. அதனால் அந்த டிவியை உடைத்து விளையாடக் கூடாது. செவ்வீயம் இரும்புப் பாலங்கள் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசப்பட்டது. (இப்போது கேட்டுக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு பெயிண்ட் வேறு, அது இரும்பு ஆக்சைடு.)

எல்லாவற்றையும் விடப் பெரிய பயன் பேட்டரிதான். 1859இல் பிரான்சில் காஸ்டன் பிளாண்டே காரீய அமில பேட்டரியைக் கண்டுபிடித்தார். 1881இல் கமில் ஃபோர் என்பவர் காரீய ஆக்சைடைப் பசை போலக் குழைத்துத் தகட்டில் பூசும் முறையைக் கொண்டுவந்தார். இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆக்சைடு தூள், தண்ணீர், நீர்த்த கந்தக அமிலம் மூன்றையும் பிசைந்து, ஜன்னல் கம்பி மாதிரி இருக்கும் காரீயச் சட்டத்தில் அப்புவார்கள். சார்ஜ் ஏற்றியதும் நேர்மின் தகட்டில் டை ஆக்சைடும், எதிர்மின் தகட்டில் பஞ்சு போன்ற காரீயமும் உண்டாகும். ஒரு செல் 2 வோல்ட், ஆறு செல் சேர்ந்தால் 12 வோல்ட்.

பெட்டிக்கு வெளியே வந்தால்?

தண்ணீரில்தான் கரையாதே, அப்புறம் என்ன பயம் என்று நானும் நினைத்தேன். நம் வயிற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறதே! கையில் ஒட்டிய தூள் சோற்றோடு உள்ளே போனால் அங்கே கரைந்து ரத்தத்தில் கலந்துவிடும். பேட்டரி வேலை செய்வது அமிலத்தோடு சேர்வதால். நமக்குக் கெடுதல் வருவதும் அதே குணத்தால்தான்!

பெரியவர்களை விடச் சின்னக் குழந்தைகள் 4 முதல் 5 மடங்கு அதிகமாகக் காரீயத்தை உறிஞ்சுவார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ரத்தசோகை வரும், படிப்பில் கவனம் குறையும். செனகல் நாட்டில் டாக்கர் நகரத்துக்குப் பக்கத்தில் பழைய பேட்டரிகளைத் திறந்தவெளியில் உடைத்ததால் 2007-08இல் 18 குழந்தைகள் இறந்தார்கள்.

நம்ம ஊர்ப் பக்கமும் பாருங்கள். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்களும் சேர்ந்து, சென்னையில் 3 முதல் 7 வயதுள்ள 756 குழந்தைகளிடம் செய்த ஆய்வு 2009இல் வெளியானது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சராசரியாக 11.4 மைக்ரோகிராம் காரீயம் இருந்தது. அளவு 5 ஆனாலே எங்கிருந்து வருகிறது என்று தேடித் தடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் (2021).

எங்க வீட்டுக் கதை

எங்க அப்பா பம்மலில் ஒரு பேட்டரி கடையில் வேலை பார்க்கிறார். பழைய பேட்டரியைப் பிரித்து பிளேட் மாற்றுவார். சாயங்காலம் வந்ததும் நாலு வயசு தம்பி ஓடிப்போய் அவர் சட்டையைக் கட்டிக்கொள்வான். நான் படித்ததைச் சொன்னேன். "இருபது வருஷமா இதைத்தான் செய்யுறேன். எனக்கு என்னம்மா ஆச்சு?" என்று சிரித்தார். "உங்களுக்கு இல்லப்பா, தம்பிக்கு" என்றேன். அப்பா பதில் பேசவில்லை.

மறுநாள் கடைக்கு ஒரு சட்டை தனியாக எடுத்துப்போனார். இப்போது அங்கேயே சோப்பு போட்டுக் கை கால் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டுதான் வருகிறார். வேலைச் சட்டையை அம்மா தனி பக்கெட்டில் துவைக்கிறார். காலாண்டு லீவில் அப்பாவுக்கும் தம்பிக்கும் ரத்தப் பரிசோதனை எடுக்கப் போகிறோம்.

நினைவில் வையுங்கள்

* பழைய பேட்டரியை உடைக்காதீர்கள், காயலான் கடையில் போடாதீர்கள். புதுசு வாங்கும் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.
* பேட்டரியைத் தொட்ட கையோடு சாப்பிடாதீர்கள்.
* உங்க வீட்டிலும் யாராவது பேட்டரி, பெயிண்ட் வேலைக்குப் போனால் இதை இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள்.

பெட்டிக்குள் இருந்தால் வெளிச்சம், வெளியே வந்தால் விஷம்!



ஒன்பதாம் வகுப்பு மாணவி
பம்மல்