கறுப்பும் மெரூனும்: இளம் வெல்டருக்கு ஒரு கடிதம்

கேஸ் வெல்டிங் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் வெல்டருக்கு,

கேஸ் கட்டிங் நடக்கும் பட்டறையில் பொதுவாக இரண்டு சிலிண்டர்கள் நிற்கும். இந்திய வண்ணக் குறியீட்டின்படி கறுப்பு ஆக்சிஜன், மெரூன் அசெட்டிலீன். ஒரே டிராலியில் சங்கிலி போட்டு நிறுத்தியிருப்பதால் இரண்டுக்கும் ஒரே கவனம் போதும் என்று தோன்றும். ஆனால் இரண்டின் குணமும் வேறு. ஆக்சிஜன் தானாக எரியாது. மற்றவற்றை மூர்க்கமாக எரிய வைக்கும். அசெட்டிலீன் எரியும், அளவுக்கு மீறி அழுத்தினால் காற்றின் துணையில்லாமலே வெடிக்கும். பட்டறை விதிகள் எல்லாம் இந்தக் குணங்களிலிருந்து வந்தவை. காரணம் தெரிந்தவர் விதியை மறப்பதில்லை.

வழக்கமான பெரிய ஆக்சிஜன் சிலிண்டர் சுமார் 47 லிட்டர் கொள்ளளவு கொண்டது. அதற்குள் ஏறத்தாழ 150 பார் அழுத்தத்தில் 7 கன மீட்டர் வாயு அடைக்கப்பட்டிருக்கும். உடல் தடித்த எஃகு. கழுத்தில் இருக்கும் பித்தளை வால்வுதான் பலவீனமான இடம். சிலிண்டர் சாய்ந்து வால்வு உடைந்தால், பீறிடும் வாயு அந்தக் கனத்த எஃகையே சுவரைத் துளைக்கும் வேகத்தில் தள்ளிவிடும். ஆகவே ரெகுலேட்டர் மாட்டாத நேரத்தில் வால்வுக்கு மூடி இருக்க வேண்டும். நிற்கும் சிலிண்டருக்குச் சங்கிலி இருக்க வேண்டும். இடம் மாற்ற டிராலிதான் வழி. தரையில் உருட்டுவதும், வால்வைப் பிடித்துத் தூக்குவதும், மூடியில் கயிறு கட்டி கிரேனில் ஏற்றுவதும் கூடாது.

ஆக்சிஜனுக்கு எண்ணெய் ஆகாது. உயர் அழுத்த ஆக்சிஜன் பட்டால் ஆயிலும் கிரீஸும் பொறி இல்லாமலே தீப்பிடிக்கக்கூடும். வால்வு இறுகிப் போனால் ஒரு சொட்டு எண்ணெய் விடுவது மற்ற இயந்திரங்களுக்குப் பொருந்தும் பழக்கம்; இங்கே அது தீயை அழைப்பதாகும். கிரீஸ் படிந்த கையுறையும் அப்படியே. ரெகுலேட்டர் மாட்டுவதற்கு முன் வால்வைக் கணநேரம் திறந்து மூடி வாயில் இருக்கும் தூசியை வெளியேற்ற வேண்டும். பிறகு ரெகுலேட்டரின் திருகைத் தளர்த்தி, அதன் முகப்புக்கு நேரே நிற்காமல், வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். வேகமாகத் திறந்தால் உள்ளே பாயும் வாயு சட்டென்று அழுந்திச் சூடேறும். அந்தச் சூட்டில் ரெகுலேட்டரின் உள்பாகமே பற்றிக்கொள்ளலாம்.

சட்டையிலுள்ள தூசியை ஆக்சிஜனால் ஊதுவது பல பட்டறைகளில் உள்ள பழக்கம். காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். அது சில சதவீதம் கூடினாலே துணி எளிதில் பற்றும், அணைப்பதும் கடினம். நூலிழைகளுக்குள் தங்கும் ஆக்சிஜன் உடனே போய்விடாது. புழுக்கமான தொட்டிக்குள் வேலை செய்பவருக்குக் காற்றுக்காக ஆக்சிஜனைத் திறந்துவிடுவதும் இதே காரணத்தால் உயிருக்கு ஆபத்து.

அசெட்டிலீனை ஆக்சிஜன்போல வெறும் சிலிண்டரில் அழுத்தி அடைக்க முடியாது. மெரூன் சிலிண்டருக்குள் நுண்துளைகள் நிறைந்த ஒரு திடப்பொருளும், அது உறிஞ்சிய அசிட்டோனும் இருக்கும். வாயு அந்த அசிட்டோனில் கரைந்திருக்கும். இந்த முறையை மேம்படுத்தியவர்களில் ஒருவர் சுவீடனின் குஸ்தாவ் டாலேன். கலங்கரை விளக்குகளின் வாயுக் கலன்களோடு இயங்கும் தானியங்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்காக 1912-இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் அசெட்டிலீன் சோதனையின்போது நேர்ந்த வெடிப்பில் அவர் பார்வையை இழந்தார்.

இந்த உள்ளமைப்பால் சில கட்டுப்பாடுகள் வருகின்றன. சிலிண்டர் நிமிர்ந்தே இருக்க வேண்டும். படுக்க வைத்துப் பயன்படுத்தினால் அசிட்டோன் வாயுவோடு வெளியேறும். படுக்கையாக வந்து சேர்ந்தால், நிமிர்த்திச் சில மணி நேரம் விட்ட பிறகே திறக்க வேண்டும். ஹோஸுக்குச் செல்லும் அழுத்தம் 1 பாரைத் தாண்டக் கூடாது. வால்வை ஒன்றரைச் சுற்றுக்கு மேல் திறக்க வேண்டியதில்லை. அவசரத்தில் உடனே மூட வசதியாகச் சாவி வால்விலேயே இருக்கட்டும். செம்புக் குழாயால் இணைப்புக் கொடுக்கவே கூடாது. செம்போடு சேர்ந்து அசெட்டிலீன் உருவாக்கும் சேர்மம் சிறு அதிர்ச்சிக்கும் வெடிக்கும்.

இரண்டு வாயுக்களின் இணைப்பு மாறிவிடாமலிருக்க ஆக்சிஜனுக்கு வலப்புற மரையும், அசெட்டிலீனுக்கு இடப்புற மரையும் உண்டு. நீல ஹோஸ் ஆக்சிஜனுக்கு, சிவப்பு அசெட்டிலீனுக்கு. மரை சேரவில்லை என்றால் மாட்டும் பாகம் தவறானது. பலம் கொடுத்துத் திருகுவது தீர்வல்ல. தீ டார்ச்சிலிருந்து ஹோஸ் வழியாகப் பின்னோக்கி ஓடுவதைத் தடுக்க, இரு பக்கமும் ஃபிளாஷ்பேக் அரெஸ்டர் பொருத்தியிருக்க வேண்டும். கசிவைச் சோப்புத் தண்ணீரால் பார்க்க வேண்டும்; தீக்குச்சியால் அல்ல.

கட்டிங்குக்கு எல்பிஜி பயன்படுத்தும் பட்டறைகளும் உண்டு. அசெட்டிலீன் காற்றைவிடச் சற்று லேசு, எல்பிஜி கனமானது. எல்பிஜி கசிந்தால் பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கி, எங்கோ இருக்கும் பொறிக்காகக் காத்திருக்கும். அதனால் அந்தச் சிலிண்டரைத் தரைமட்டத்துக்குக் கீழான அறையில் வைக்கக் கூடாது.

பயன்பாட்டில் இல்லாத சிலிண்டர்களை வைக்கும் இடத்தில் நல்ல காற்றோட்டமும் நிழலும் வேண்டும். 2016-ஆம் ஆண்டின் இந்திய கேஸ் சிலிண்டர் விதிகள், எரியும் வாயுக்களைப் பிற வாயுக்களிலிருந்து போதிய தூரத்தாலோ தடுப்புச் சுவராலோ பிரிக்கச் சொல்கின்றன. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதியில் ஆக்சிஜனுக்கும் எரிவாயுவுக்கும் இடையே சுமார் 6 மீட்டர் தூரம் அல்லது ஒன்றரை மீட்டர் உயரத் தீத்தடுப்புச் சுவர் கேட்கப்படுகிறது. நிறைந்ததும் காலியானதும் தனித்தனியே, அடையாளத்தோடு நிற்க வேண்டும். காலி சிலிண்டரிலும் சிறிது அழுத்தத்தை மிச்சம் விட்டு வால்வை மூட வேண்டும்; இல்லாவிட்டால் காற்றும் ஈரமும் உள்ளே போகும்.

அசெட்டிலீன் சிலிண்டர் தீயில் சூடேறியிருந்தால், வெளியே தீ அணைந்த பிறகும் உள்ளே வாயு சிதைந்துகொண்டிருக்கலாம். அதைத் தொடாமல், நகர்த்தாமல், எல்லோரையும் விலக்கித் தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும். தண்ணீர் பாய்ச்சிக் குளிர்விப்பது தொலைவிலிருந்து, பயிற்சி பெற்றவர்கள் செய்யும் வேலை.

சிலிண்டர் வந்து இறங்கும்போது தோளில் பொறித்திருக்கும் எண்களில் கடைசிச் சோதனைத் தேதியைப் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் போன்ற உயர் அழுத்தச் சிலிண்டர்களுக்குப் பொதுவாக 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை உண்டு. பெயின்ட் நிறத்தை மட்டும் நம்பாமல் லேபிளையும் படிக்க வேண்டும். தேதி கடந்தது, லேபிள் இல்லாதது, பள்ளமோ தீக்கரியோ உள்ளது, வால்வு வளைந்தது ஆகியவற்றை வாங்காமல் திருப்பி அனுப்புவது வெல்டரின் உரிமை. பட்டறையில் உள்ள எல்லோருக்கும் அவர் செய்ய வேண்டிய கடமையும்கூட.