வடகோடிப் பூச்சிகள் இரண்டு

ஸ்காண்டிநேவியா, சைபீரியா, அலாஸ்கா முதலிய வடகோடி நாடுகளிற் பூர்ச்ச மரங்கள் மிகுதியாக வளர்கின்றன. பண்டு வடஇந்தியர் ஏடெழுதப் பட்டை உதவிய மரத்திற்கு அவை இனமாவன. அம்மரங்களைச் சார்ந்து வாழும் பூச்சிகளுள் இரண்டினை ஈண்டு ஒப்புநோக்கப் புகுகின்றோம். ஒன்று, அமெரிக்கர் ‘துக்கப் போர்வை’ எனப் பொருள்படப் பெயரிட்டழைக்கும் வண்ணத்துப்பூச்சி; மற்றொன்று, யூபிஸ் என்னும் கருவண்டு. வண்டென்றவுடன் மலர்தோறும் முரன்று தேனுண்ணும் புலவர்தம் வண்டினை நினைத்தல் வேண்டா. இஃது ஓடுபோற் கடினமான முன்சிறகுடையது. பட்ட மரத்துப் பட்டையின்கீழ்க் காளான்களிடையே வாழ்வது. இரண்டிற்கும் ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் 1758-ஆம் ஆண்டில் ஒரே நூலிற் பெயரிட்டனர்.

வண்ணத்துப்பூச்சியின் சிறகு கருஞ்செந்நிறம், ஓரத்தில் மஞ்சட்கரை, கரையை அடுத்து நீலப் புள்ளிகள். சிறகை மூடினாற் பட்டையோ பூச்சியோ என ஐயுறுவோம். வண்ணத்துப்பூச்சிகளுட் பெரும்பாலன குளிர்காலத்தை முட்டையாகவோ புழுவாகவோ கூட்டுப்புழுவாகவோ கழிக்க, இது முழுவளர்ச்சியுற்ற உருவிலேயே மரப்பட்டை இடுக்கில் ஒடுங்கிக் கிடக்கும். பனி முற்றும் உருகுமுன்னரே வெளிப்போந்து, கருஞ்சிறகை வெயிலில் விரித்து உடலிற் சூடேற்றிக்கொண்டு பறக்கும். 1748-ஆம் ஆண்டில் லண்டனை அடுத்த கேம்பர்வெல்லில் இரண்டு காணப்பட்டமையின், ஆங்கிலேயர் இதனை அவ்வூர் அழகி என்றே அழைத்தனர்.

வண்டிற்கு அத்தகைய அழகு யாதுமில்லை. அரை அங்குலத்திற்குச் சிறிது மிகுந்த நீளம். கரடுமுரடான கரிய உடல். கண்ணாற் கண்டு மதிப்பிடுவோர் இதனை ஒரு பொருளாகக் கொள்ளார். ஆயினும் அலாஸ்காவில் பூஜ்யத்திற்குக் கீழ் 60 டிகிரி சென்டிகிரேடு குளிரையும் இது தாங்குகின்றது. தாங்கும் வகைதான் வியப்பிற்குரியது. இவ்வண்டு உறையாது தப்புவதன்று, உறைந்தே பிழைப்பது! உடலின் நீர் உயிரணுக்களுக்குப் புறத்தே பனிக்கட்டியாகும். உயிரணுவினுள்ளே பனி முளைப்பின் அவ்வணு சிதைந்தொழியும். ஆதலின் உள்ளே புகவிடாமையே உயிர்க்குக் காப்பு. இதன் உடலினின்றும் சைலோமன்னான் என்னும் உறைதடுப்புப் பொருளைப் பிரித்தெடுத்தமையை 2009-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். அதற்குமுன் விலங்குகளில் அறியப்பட்ட அத்தகைய பொருள்கள் புரதச் சார்புடையன. இதுவோ சர்க்கரையும் கொழுப்பமிலமும் இயைந்தது. உயிரணுச் சவ்வைப் பற்றிநின்று இது பனியைத் தடுக்கும் என அவர் கருதுகின்றனர். படைத்தோன் கைத்திறத்தை வண்ணச் சிறகிற் காண்பார் பலர். யாம் இக்கரிய ஓட்டினுள் அதனை மிகுதியாகக் காண்கின்றோம்.

வேனில் வந்ததும் உறைந்து கிடந்த வண்டு இளகிக் கால் அசைக்கும். வண்ணத்துப்பூச்சியோ மரக்காயத்தில் ஊறும் சாற்றை உறிஞ்சி, இளங்கொம்பைச் சுற்றி மோதிரம்போல் முட்டைகளை இட்டு மடியும்.