கோழிகளின் இரத்தக் கழிச்சலும் மூலிகை மருந்துகளும்

2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 85 கோடிக்கும் மேற்பட்ட கோழியினப் பறவைகள் இருந்தன. அவற்றுள் 31 கோடிக்கு மேற்பட்டவை வீட்டுப் புறக்கடைகளில் வளர்ந்தவை. பண்ணையாயினும் புறக்கடையாயினும் குஞ்சுகளைப் பெரிதும் பாதிக்கும் ஒட்டுண்ணி நோய் இரத்தக் கழிச்சலாகும்.

நோயின் காரணம்

ஐமீரியா எனும் ஓரணு உயிரியே இந்நோயை விளைவிக்கிறது. நோயுற்ற கோழியின் எச்சத்தில் இதன் உறை மூடிய நுண் முட்டைகள் வெளிப்படுகின்றன. ஈரமும் வெப்பமும் காற்றும் கிடைத்தால் அவை ஓரிரு நாட்களில் முதிர்ந்து, தீவனத்துடனும் நீருடனும் பிற குஞ்சுகளின் குடலை அடைகின்றன. குருட்டுக்குடலைத் தாக்கும் ஐமீரியா டெனெல்லா வகையில், தொற்றிய ஐந்தாம் நாளளவில் எச்சத்தில் குருதி காணப்படும். குஞ்சுகள் விரைவில் மடியும்.

மருந்துகளும் அவற்றின் எல்லையும்

சல்பா மருந்து இந்நோயைக் கட்டுப்படுத்தும் என்பது 1939இல் அறியப்பட்டது. 1971இல் அமெரிக்காவில் மொனென்சின் பயன்பாட்டிற்கு வந்தது. ஆயினும், ஒரே மருந்தைத் தீவனத்தில் தொடர்ந்து கலந்ததால் அதனை எதிர்த்து வாழும் ஐமீரியா இனங்கள் தோன்றின. இறைச்சியிலும் முட்டையிலும் மருந்தெச்சம் தங்கும் அச்சமும் எழுந்தது. இக்காரணங்களாலேயே தாவரங்களின்பால் ஆய்வாளர்களின் கவனம் திரும்பியது.

தாவரங்கள் தரும் வாய்ப்பு

ஆர்ட்டிமீசியா அன்னுவா என்னும் செடியிலிருந்து பெறப்படும் ஆர்ட்டிமிசினின் மலேரியாவைக் குணப்படுத்துவது. இதனைக் கண்டறிந்த சீன அறிஞர் தூ யூயூ 2015இல் நோபெல் பரிசு பெற்றார். மலேரியா உயிரியும் ஐமீரியாவும் ஒரே பெருந்தொகுதியைச் சேர்ந்தவை. எனவே இச்செடி கோழிகளிலும் சோதிக்கப்பட்டது; எச்சத்தில் வெளிப்படும் நுண் முட்டைகள் குறைந்ததாகப் பல ஆய்வுகள் தெரிவித்தன. மஞ்சள், பூண்டு ஆகியவையும் ஆராயப்பட்டுள்ளன. எனினும், முடிவுகள் ஒரே சீராக அமையவில்லை. மண், பருவம், செடியின் பகுதி, உலர்த்தும் முறை ஆகியவற்றிற்கேற்ப மருந்துப் பொருளின் அளவு மாறுவதே இதற்கு ஒரு முக்கிய காரணம்.

தாவரத்திலிருந்து கிடைப்பதெல்லாம் தீங்கற்றது என்று கருதுதலும் தவறாகும். டைக்ரோவா என்ற கிழக்காசியச் செடியின் வேதிப்பொருளைப் பின்பற்றி உருவாக்கப்பட்டதே ஹாலோபுஜினோன் மருந்து. ஒரு டன் தீவனத்திற்கு 3 கிராம் அளவே இதற்குப் போதுமானது. அளவு மிகுந்தால் கோழிகள் தீவனம் உண்பது குறைந்துவிடும். அளவறிந்து கொடுத்தாலன்றி மூலிகையும் மருந்தாகாது.

செய்ய வேண்டுவன

நோயைத் தடுப்பதில் முதலிடம் உலர்ந்த கூளத்திற்கே உரியது. நீர்க்கலங்களின் கசிவை நிறுத்துதல், கூளத்தை அடிக்கடி கிளறிவிடுதல், குஞ்சுகளை வளர்ந்த கோழிகளிடமிருந்து பிரித்து வைத்தல் ஆகியவை செலவற்ற வழிகள். பெரும்பண்ணைகளுக்குத் தடுப்பூசியும் உண்டு. எச்சத்தில் குருதி கண்டபின் மூலிகையை நம்பிக் காத்திருத்தல் கூடாது. கால்நடை மருத்துவர் குறிக்கும் ஆம்புரோலியம் போன்ற மருந்தை உடனே குடிநீரில் கலந்து தருதல் வேண்டும்.

மூலிகைகளின் தரத்தையும் அளவையும் வரையறுப்பது ஆராய்ச்சி நிலையங்களின் கடமை. அதுவரை அவற்றைத் துணையாக மட்டுமே பரிந்துரைப்பது விரிவாக்க அலுவலர்களின் பொறுப்பு. பத்துக் குஞ்சுகளை நம்பி வாழும் குடும்பத்திற்கு அவற்றின் இழப்பு சிறிய இழப்பன்று.