நோட்பேடில் ஆறு வாரம்

சென்ற ஆண்டு அரையாண்டு விடைத்தாள் திருத்தும்போது ஒரு மாணவியின் தாளில் என் பேனா நின்றுவிட்டது. ஆய்வகத்தில் எல்லோருக்கும் முன்பாக நிரலை ஓட்டிக் காட்டுபவள் அவள். தாளிலோ ‘இஃப்’ வரிக்கு அடுத்த வரி உள்தள்ளப்படவே இல்லை. அழைத்துக் கேட்டேன். “என்டர் தட்டுனா அதுவே உள்ள போயிடும் சார்” என்றாள்.

அவள் சொன்னது உண்மை. பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானை ஐடில் வழியாகக் கற்பிக்கிறோம். முக்காற்புள்ளியிட்டு என்டர் தட்டினால் அது தானே நான்கு இடம் உள்ளே நகர்ந்து நிற்கும். ஆனால் பொதுத்தேர்வில் 70 மதிப்பெண் காகிதத்தில் எழுதுவதற்கு; செய்முறைக்கு 20தான்.

எனவே இவ்வாண்டு முதல் ஆறு வாரம் ஐடிலைத் திறக்கவிடவில்லை. நோட்பேடும் கமாண்ட் பிராம்ப்டும் மட்டும்தான். முதல் வாரம் ஒரே அமளி. கோப்பின் பெயருக்குப் பின்னால் நோட்பேட் ‘டிஎக்ஸ்டி’ என்று ஒட்டிவிட, பைத்தான் கோப்பையே காணோம் என்றது. (சேமிக்கும்போது ‘ஆல் ஃபைல்ஸ்’ என்று தேர்ந்தெடுக்க வேண்டும்.) பைத்தானை நிறுவியபோது ‘பாத்’தில் சேர்க்கும் கட்டத்தில் குறியிடாத கணினிகளில் கட்டளையே எடுபடவில்லை. இரண்டு பாடவேளை வீணாயிற்றே என்று நொந்துகொண்டேன். ஆனால் தாம் எழுதியது ஒரு கோப்பு, அதைப் படித்து ஓட்டுவது வேறொரு மென்பொருள் என்பது பிள்ளைகளுக்கு அப்போதுதான் பிடிபட்டது.

எங்கள் பெற்றோர்களில் பலர் இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்ப்பவர்கள். சிஎன்சி இயந்திரம் ஓட்டும் ஒரு தந்தை பெற்றோர் கூட்டத்தில் சொன்னார்: “மெஷின் நின்னா திரையில அலாரம் நம்பர் வரும் சார். அதைப் படிக்கத் தெரியாதவன் சூப்பர்வைசரைத் தேடிக்கிட்டு நிப்பான்.” பிழைச்செய்தி வந்ததும் “சார்!” என்று கை தூக்கும் பிள்ளைகளிடம் இப்போது இதைத்தான் சொல்கிறேன். முதலில் வரி எண்ணைப் பார், பிறகு கூப்பிடு.

ஆறு வாரத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. நிரல் நீளும்போது நோட்பேட் வெறும் தண்டனைதான். மெதுவாகக் கற்கும் மூவருக்கு மூன்றாம் வாரமே ஐடிலைக் கொடுத்துவிட்டேன். வண்ண எழுத்துகள் அவர்களுக்கு ஒரு கைப்பிடி. விஎஸ் கோட் கேட்பவர்களும் உண்டு. எங்கள் பழைய கணினிகளில் அது திறப்பதற்குள் மணி அடித்துவிடும்.

காலாண்டுத் தாளில் நால்வர் மட்டுமே உள்தள்ளலை விட்டிருந்தனர். அவர்களில் இருவர், நான் முன்கூட்டியே ஐடில் கொடுத்த பிள்ளைகள். அவர்களைத் திரும்ப நோட்பேடுக்கு அனுப்புவதா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.