வீட்டில் கறையான்: வரும் வழியை அடைப்பதே வைத்தியம்

வயலில் கரும்புக் கரணையையும், நிலக்கடலைச் செடியையும், தென்னங்கன்றையும் கறையான் தாக்குவதை விவசாயிகள் நன்கு அறிவர். அதே கறையான் வீட்டுக்குள் புகுந்தால் ஏற்படும் நஷ்டமும் சிறிதல்ல. விதைக்கென்று எடுத்து வைத்த நெல் மூட்டையின் சாக்கு, கதவு நிலை, கூரையின் கைமரம், பரண்மேல் வைத்த ஏர் எல்லாவற்றையும் அது அரித்துவிடும். மரப்பெட்டியில் வைத்த நிலப் பத்திரமும் பட்டாவும் செல்லரித்துப் போய், கடன் கேட்கப் போகும் நாளில்தான் அது தெரிய வந்த குடும்பங்கள் உண்டு.

சுவரில் கறையான் மண் தெரிந்தவுடன் பலர் அதை விளக்குமாற்றால் தட்டிவிட்டு, கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றுகின்றனர். சிலர் வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தில் மீதியை அடிக்கின்றனர். பத்து நாளில் வேறோர் இடத்தில் மண் ஏறிவிடும். மடையை அடைக்காமல் வாய்க்காலில் வரும் நீரை இறைத்துக் கொட்டுவது போன்ற வேலை இது. கறையானின் குடியிருப்பு வீட்டில் இல்லை, மண்ணுக்கு அடியில் இருக்கிறது. வீடும் மண்ணும் சேரும் இடத்தில் அதன் வழியை அடைப்பதே சரியான வைத்தியம்.

கறையானின் வாழ்க்கை

கறையான் கூட்டமாக வாழும் பூச்சி. புற்றில் ராணியும் ராஜாவும், வேலைக்காரக் கறையான்களும், காவல் கறையான்களும் உள்ளன. ராணி நாளொன்றுக்குப் பல ஆயிரம் முட்டைகள் இடக்கூடியது. மரத்தையும் காகிதத்தையும் அரிப்பவை வேலைக்காரக் கறையான்களே. இவற்றுக்குக் கண் இல்லை. உடல் மெல்லியது, வெண்மையானது. காய்ந்த காற்றும் வெளிச்சமும் பட்டால் விரைவில் மடிந்துவிடும். இதனால்தான் அவை மண்ணைக் குழைத்துப் பூசி, அந்த மண் தடத்துக்குள்ளேயே நடமாடுகின்றன.

நம் பகுதியில் புற்று கட்டும் ஓடோன்டோடெர்மஸ் இனங்கள் அதிகம். இவை அரித்த பொருளைக் கொண்டு புற்றுக்குள் ஒருவகைப் பூசணம் வளர்த்து உண்கின்றன. மழைக்குப்பின் முளைக்கும் புற்றுக்காளான் இந்தப் பூசணத்திலிருந்து வருவதே. புற்று கட்டாமல் தரைக்கடியிலேயே வாழும் இனங்களும் உண்டு. ஆகவே அருகில் புற்று இல்லை என்பதால் கறையான் இல்லை என்று இருந்துவிடக் கூடாது.

மழைக்காலத்தில் மாலை நேரம் விளக்கைச் சுற்றிப் பறக்கும் ஈசலும் கறையானே. இறகு முளைத்த ஆணும் பெண்ணும் வெளியேறி, இறகை உதிர்த்துவிட்டு, ஈர மண்ணில் புதுக் குடியிருப்பு தொடங்குகின்றன. வெளியிலிருந்து விளக்குக்கு வரும் ஈசலைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. வீட்டுத் தரை வெடிப்பிலிருந்தோ நிலையிலிருந்தோ ஈசல் கிளம்பினால், கறையான் ஏற்கெனவே வீட்டில் வேரூன்றிவிட்டது என்று பொருள்.

அடையாளம் காண்பது எப்படி?

1. சுவர், தூண், நிலை ஆகியவற்றின் அடிப்பாகத்திலிருந்து மேலேறும் மண் தடம்.

2. மரத்தை விரலால் தட்டினால் உள்ளே பொள்ளல் ஓசை. மேல்பூச்சு நன்றாகவே இருக்கும். கத்தி முனையால் குத்தினால் உள்ளே இறங்கும்.

3. அரிக்கப்பட்ட மரத்தின் உள்ளே ஈர மண் அப்பியிருத்தல்.

4. தரையில் பட்ட மூட்டையின் அடிச்சாக்கு, பாய், காகிதக்கட்டு ஆகியவற்றில் மண் ஒட்டியிருத்தல்.

மாதம் ஒருமுறை விளக்குடன் வீட்டின் உள்ளும் புறமும் சுற்றிப் பார்ப்பது நல்லது. குளியலறைச் சுவர், தொட்டி அருகு, கூரை ஒழுகும் இடம், மூட்டைக்குப் பின்புறம் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

கறையானா, உளுவா?

மரத்திலோ மூங்கிலிலோ குண்டூசித் தலை அளவு வட்டத் துளைகள் இருந்து, கீழே மாவு போன்ற தூள் கொட்டினால் அது கறையான் அன்று. உளு எனப்படும் வண்டின் வேலை. கறையான் மாவு கொட்டாது, மண் பூசும். கசகசா போன்ற சிறு மணிகள் கொட்டினால் அது காய்ந்த மரத்துக்குள்ளேயே வாழும் வேறுவகைக் கறையான். இது கடலோரப் பகுதிகளில் காணப்படுகிறது.

இந்த வேறுபாட்டை அறியாமல் செலவு செய்யக் கூடாது. உளுவுக்கும் காய்ந்த மரக் கறையானுக்கும் தரையில் எவ்வளவு மருந்து ஊற்றினாலும் பயனில்லை. பழுதுபட்ட மரத்தையே மாற்றவோ, மரத்துக்கே மருந்து கொடுக்கவோ வேண்டும். கூரைக்கு வாங்கும் பச்சை மூங்கிலைச் சில வாரம் நீரில் ஊறப்போட்டுப் பின் நிழலில் காயவைத்தால் அதிலுள்ள சர்க்கரைச் சத்து குறைந்து, உளு விழுவதும் குறையும்.

உயிருள்ள தடமா என்று பாருங்கள்

மண் தடம் கண்டவுடன் முழுவதையும் தட்டிவிட வேண்டாம். நடுவில் ஓர் அங்குலம் மட்டும் உடைத்து, மூன்று நாள் கழித்துப் பார்க்க வேண்டும். உடைத்த இடத்தை ஈர மண்ணால் அடைத்திருந்தால் கறையான் இன்னும் அவ்வழியே வருகிறது. அடைக்காவிட்டால் அவ்வழியைக் கைவிட்டிருக்கலாம். அருகில் வேறு தடம் உண்டா என்று தேட வேண்டும். தடம் தரையைத் தொடும் இடத்தைக் கரித்துண்டால் குறித்து வைத்தால், எங்கு மருந்து தேவை என்பது தெளிவாகும்.

காசில்லாமல் செய்யக் கூடியவை

கறையானுக்கு ஈரமும் தீனியும் வேண்டும். இவ்விரண்டையும் சுவரிலிருந்து விலக்கினாலே பாதித் தொல்லை குறையும்.

விறகு, வறட்டி, வைக்கோல், தென்னை மட்டை ஆகியவற்றைச் சுவரில் சாய்த்து அடுக்கக் கூடாது. குளிக்கும் நீரும் பாத்திரம் கழுவும் நீரும் சுவரோரம் தேங்காமல் தோட்டத்துக்கு ஓடச் செய்ய வேண்டும். கூரை ஒழுக்கை உடனே அடைக்க வேண்டும். தானிய மூட்டைகளைக் கல்லின்மேல் பலகை போட்டு, தரையிலிருந்து அரை அடி உயரத்திலும் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளியும் அடுக்கினால், மண் தடம் ஏறுவது கண்ணில் படும். பத்திரங்களைத் தகரப் பெட்டியில், தரையில் படாமல் வைக்க வேண்டும்.

மரத்தூணும் நிலைக்காலும் மண்ணில் புதைந்திருக்கக் கூடாது. கல் அல்லது சிமெண்டு மேடையின்மேல் நிறுத்த வேண்டும். வைரம் பாய்ந்த தேக்கையும், வைரம் பாய்ந்த பனையையும் கறையான் எளிதில் தொடாது. வெளிறிய மேல்மரம் உள்ள துண்டுகள் விரைவில் பலியாகும். புது மரத்தின் அடிப்பாகத்தில் முந்திரிக் கொட்டை ஓட்டு எண்ணெய் பூசுவதும் உதவும். இது தோலைப் பொத்துவிடும் என்பதால் வெறுங்கையால் தொடக் கூடாது.

மருந்து ஊற்றும் முறை

மேற்கண்டவற்றைச் செய்தும் தடம் நிற்காவிட்டால் மருந்து தேவை. இதற்கென இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 6313 என்ற தர விதி உள்ளது. கட்டடக் கறையானுக்கு என்று லேபிளில் அச்சிட்ட மருந்தை மட்டுமே வாங்க வேண்டும்.

இமிடாகுளோபிரிட் 30.5 எஸ்.சி. மருந்தை ஒரு லிட்டர் நீருக்கு 2.1 மி.லி. வீதம் கலக்க வேண்டும். அல்லது பைபென்த்ரின் 2.5 இ.சி. மருந்தை லிட்டருக்கு 20 மி.லி. வீதம் கலக்கலாம். பயிருக்கு அடிக்கும் இமிடாகுளோபிரிட் 17.8 எஸ்.எல். வேறு, பெயர் ஒன்றாக இருப்பதால் ஏமாறக் கூடாது.

வீட்டின் வெளிப்புறம் சுவரை ஒட்டி ஓர் அடி ஆழத்துக்குக் குறுகிய பள்ளம் எடுக்க வேண்டும். அஸ்திவாரத்துக்குக் கீழே தோண்டக் கூடாது. மண்சுவர் வீடாக இருந்தால் சுற்றிலும் ஒரே நாளில் தோண்டாமல், ஆறடி ஆறடியாக எடுத்து, மருந்து ஊற்றி மூடிக்கொண்டே போக வேண்டும். ஒரு மீட்டர் நீளத்துக்கு 1¾ லிட்டர் கலவையைச் சுவர்ப்பக்கம் படும்படி ஊற்றி, மீதி ½ லிட்டரைத் திரும்பப் போடும் மண்ணில் தெளித்து மூட வேண்டும்.

உதாரணமாக, 20 அடி நீளமும் 15 அடி அகலமும் உள்ள வீட்டின் சுற்றளவு 70 அடி, அதாவது சுமார் 21 மீட்டர். மீட்டருக்கு 2¼ லிட்டர் வீதம் 48 லிட்டர் கலவை வேண்டும். இதற்கு இமிடாகுளோபிரிட் சுமார் 100 மி.லி. போதும். மருந்தைக் கூட்டுவதால் பலன் கூடாது. நீரைக் குறைத்தால் கலவை மண்ணில் பரவாமல் இடைவெளி விழும். அந்த இடைவெளியே கறையானுக்கு வாசலாகிவிடும்.

சிமெண்டுத் தரை உள்ள வீட்டில் சுவரும் தரையும் சேரும் மூலையில் ஓர் அடிக்கு ஒன்றாக 12 மி.மீ. துளையிட்டு, துளைக்கு ஒரு லிட்டர் வரை செலுத்தி, சிமெண்டால் அடைப்பர். இதைப் பயிற்சி பெற்றவரைக் கொண்டு செய்வதே நல்லது. குழந்தைகள் தவழும், தானியம் காயும் மண் தரையில் பரவலாக மருந்து தெளிக்கக் கூடாது.

மண் ஈரமாக இருக்கும்போதும், மழை வரும் அறிகுறி இருக்கும்போதும் மருந்து ஊற்றக் கூடாது. இமிடாகுளோபிரிட் உடனே கொல்லாது. அதில் நடந்த கறையான் கூட்டத்துக்குள் சென்று மற்றவற்றுக்கும் பரப்பும். பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை பொறுக்காமல் வேறு மருந்தை மேலே ஊற்றுவது வீண்.

உயிருக்கு ஆபத்தான பழைய மருந்துகள்

ஒரு காலத்தில் கறையானுக்கு ஆல்ட்ரினும் பி.எச்.சி. தூளும் பரிந்துரைக்கப்பட்டன. இவை பல ஆண்டுகள் மண்ணில் அழியாமல் நின்று, பாலிலும் தானியத்திலும் சேர்வது தெரிய வந்தது. ஆல்ட்ரின், ஹெப்டாகுளோர், குளோர்டேன் ஆகியவை 1996-ஆம் ஆண்டிலும், பி.எச்.சி. 1997-ஆம் ஆண்டிலும் இந்தியாவில் தடை செய்யப்பட்டன. லிண்டேன் 2013-ஆம் ஆண்டு முதல் பயன்படுத்தக் கூடாது. குளோர்பைரிபாஸ் மருந்து 2025-ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிக்கப்பட வேண்டிய நச்சுப் பட்டியலில் சில விதிவிலக்குகளுடன் சேர்க்கப்பட்டது. மக்கள் படுத்துறங்கும் வீட்டில் அதைத் தவிர்ப்பதே நல்லது.

வீட்டுப் பரணில் பழைய மருந்துத் தகரம் இருந்தால் அதைத் திறக்கவோ, பயன்படுத்தவோ, கிணற்றோரம் கொட்டவோ கூடாது. வேளாண்மை அலுவலரிடம் தெரிவித்து அவர் சொல்படி நடக்க வேண்டும்.

எந்த மருந்தையும் தானிய மூட்டைமேலோ குதிரிலோ அடிக்கக் கூடாது. கிணறு, அடிகுழாய் உள்ள பக்கத்தில் மருந்தை விட்டுவிட்டு, மேலே சொன்ன மருந்தில்லா முறைகளையே பின்பற்ற வேண்டும். பைபென்த்ரின் மீனுக்குக் கொடிய விஷம். குட்டை, வாய்க்கால் அருகில் ஆகாது. கலப்பவர் கையுறை அணிந்து, குச்சியால் கலக்க வேண்டும். வேலையின்போது புகையிலை, வெற்றிலை, உணவு ஆகாது. கண்ணில் பட்டால் 15 நிமிடம் நல்ல நீரால் கழுவ வேண்டும். மருந்து உள்ளே போய்விட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், மருந்துப் புட்டியுடன் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

வீட்டருகே புற்று இருந்தால்

புற்றில் பாம்பு தங்கியிருக்கலாம். கையை விடுவதும் மாலையில் இடிப்பதும் கூடாது. மஞ்சள் பூசி வணங்கும் புற்றாக இருந்தால் அதைத் தொட வேண்டியதில்லை. வீட்டைச் சுற்றி வழியை முறையாக அடைத்துவிட்டால், புற்று தன் இடத்தில் இருந்தாலும் வீட்டுக்குக் கெடுதி குறைவே.

புதிதாக வீடு கட்டுவோருக்கு

கறையானைத் தடுக்க மிகக் குறைந்த செலவில் முடியும் காலம் வீடு கட்டும் காலமே. கடைகால் மண்ணிலும் தரை நிரப்பும் மண்ணிலும் வேர், மரச்செதில், சென்ட்ரிங் துண்டு எதுவும் கிடக்கக் கூடாது. தரைக்குக் கான்கிரீட் போடுமுன், நிரப்பிக் கெட்டித்த மண்ணில் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் மருந்துக் கலவை ஊற்ற வேண்டும். தரை போட்டபின் இதே பலனைப் பெறத் துளையிடும் செலவும் சேரும்.

மருந்து ஊற்றி மூன்று வாரம் கழித்துப் பழைய தடங்களைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். அதன்பின் மாதந்தோறும் பார்த்து வந்தால், புதுத் தடம் ஏறினாலும் விரல் நீளத்திலேயே தெரிந்துவிடும். மருந்து ஊற்றிய சுவரோரத்தைச் செடி நடுவதற்கோ குழாய் பதிக்கவோ மீண்டும் கொத்தினால் தடுப்பு உடைந்துவிடும். அவ்வாறு கொத்த நேர்ந்தால் அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி மருந்து ஊற்ற வேண்டும். ஐயம் உள்ளவர்கள் அரித்த மரத்துண்டையும், கிடைத்தால் சில கறையான்களையும் ஒரு சிறு புட்டியில் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். எது என்று தெரிந்தபின் மருந்து வாங்கினால் காசும் மிச்சம், குடும்பத்துக்கும் பாதுகாப்பு.