காய்ச்சல் காவல் காத்த மலை

அன்புள்ள வாசகருக்கு,

“இமயத்தில் ஏறியவர்கள் கதை எத்தனையோ இருக்கிறது. நம்ம மேற்கு மலை ஆறாயிரம் அடிதானே, அதை ஏறிப் பார்க்க ஏன் அவ்வளவு காலம் ஆயிற்று?” என்று எழுதியிருந்தீர்கள். நல்ல கேள்வி. மழை பெய்து ஓய்ந்த காலையில் இடைசெவலில் நின்று மேற்கே பார்த்தால் கழுகுமலைக்கு அப்பால் அந்த மலை நீலமாய்த் தெரியும். எட்டிப் பிடித்துவிடலாம் போலத்தான் இருக்கும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பளியர்களும் காணிக்காரர்களும் தலைமுறை தலைமுறையாக இருக்கிற மலைக்கு ‘முதலில் பார்த்தவர்’ என்று ஒரு துரையின் பெயரை எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. 1821-இல் லெப்டினன்ட் வார்டு பழனி மலையை அளக்கப் போனபோது வெள்ளகவி என்ற மலைக் கிராமத்தில் தங்கித்தான் கொடைக்கானல் மேட்டுக்கு ஏறினார். ஊரும் இருந்தது, பாதையும் இருந்தது. காகிதத்தில்தான் ஏறாமல் இருந்தது.

சரி, வெளியாள் ஏன் நெருங்கவில்லை? உயரம் காரணமில்லை. யானையும் புலியும்கூட இரண்டாம் பட்சம்தான். மலைக்காய்ச்சல்தான் வழியை மறித்தது. அடிவாரக் காட்டில் மெதுவாக ஓடும் தெளிந்த ஓடைகளில் பிறந்து அதைப் பரப்புகிற கொசு, இரவில் கடிக்கும். உச்சியின் குளிரில் அந்த நோய் பரவாது. ஆக, ஆபத்தெல்லாம் மேலே இல்லை, வாசலில்தான். நீலகிரிக்குப் போன வெள்ளைக்காரர்கள் அடிவாரக் காட்டைப் பகலிலேயே கடந்துவிடப் பார்த்தார்கள். அங்கே இரவு தங்குவதற்கு அவ்வளவு பயம். கெட்ட காற்றுதான் ஆளைக் கொல்கிறது என்பது அன்றைய நம்பிக்கை. காரணம் தப்பு, காரியம் சரி.

உலகத்தின் உயரமான சிகரத்துக்குப் பெயராகிப்போன ஜார்ஜ் எவரெஸ்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அவரைச் சாய்த்தது பனிமலை இல்லை. 1802-இல் பரங்கிமலைப் பக்கம் லாம்டன் தொடங்கிய பெரிய நில அளவையில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர் எவரெஸ்ட். ஐதராபாத் சீமைக் காட்டில் அளந்துகொண்டிருந்தபோது அவருக்கும் அவர் ஆட்களுக்கும் காய்ச்சல் கண்டது. சிலர் செத்தார்கள். 1820-இல் அவர் உடம்பைத் தேற்ற நன்னம்பிக்கை முனைக்குக் கப்பலேற வேண்டியதாயிற்று.

நமக்கு நெருக்கமான கதை பெரியாறு. மேற்கே கடலுக்குப் போகிற அந்தத் தண்ணீரைக் கிழக்கே திருப்பலாமா என்று பார்த்துவர ராமநாதபுரம் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789 வாக்கிலேயே மலைக்கு ஆள் அனுப்பினார். முடியும், ஆனால் செலவு தாங்காது என்று தெரிந்தது. என்னைக் கேட்டால் தென்பாண்டிச் சீமையின் மலைப் பயணங்களில் முதலிடம் இதற்குத்தான். கொடி நாட்டவோ கல் வெட்டவோ அவர்கள் போகவில்லை, தண்ணீர் தேடிப் போனார்கள். 1808-இல் கேப்டன் கால்டுவெல் போய்ப் பார்த்து, நடக்காத காரியம் என்று எழுதிவிட்டார். 1850-இல் சின்னதாக ஓர் அணை கட்டத் தொடங்கி, காய்ச்சலில் ஆட்கள் படுத்ததால் கைவிட்டார்கள். பொறியாளர் பென்னிகுயிக் அங்கே அணை கட்டிய காலத்தில் 1887 முதல் 1895 வரை வேலை நடந்தபோதும் காய்ச்சல் காலம் வந்தால் வேலையை நிறுத்திவிட்டு ஆட்களைக் கீழே இறக்க வேண்டியிருந்தது. அப்படியும் அங்கேயே புதைந்தவர்கள் நிறையப் பேர்.

இதில் ஒரு கொடுமை பாருங்கள். அணை கட்டி முடிந்தது 1895-இல். காய்ச்சலைக் கொண்டுவருவது கொசுதான் என்பதற்கான தடயம் செகந்திராபாத்தில் மருத்துவர் ரொனால்ட் ராஸ் கண்ணில் பட்டது 1897 ஆகஸ்டில். எது கொன்றது என்றே தெரியாமல் கட்டி முடித்திருக்கிறார்கள்.

மருந்து மட்டும் முன்கூட்டியே வந்திருந்தது. அதுவும் இன்னொரு மலையிலிருந்து! லாம்டன் பரங்கிமலையில் சங்கிலி பிடித்த அதே 1802-இல், தென் அமெரிக்காவில் ஹம்போல்ட் சிம்பராசோ மலையில் ஏறிக்கொண்டிருந்தார். அந்த மலைச் சரிவில் 1860-இல் ரிச்சர்டு ஸ்புரூஸ் சிங்கோனா விதையும் நாற்றும் சேகரித்தார். அவை கடல் கடந்து ஊட்டிக்கு வந்து, அங்கே அரசுத் தோட்டத்தைக் கவனித்த மக்ஐவர் கையில் பிழைத்துக்கொண்டன. நடுவட்டத்தில் அந்த மரப்பட்டையிலிருந்து எடுத்த கொயினாதான் பின்னால் தபால் ஆபீஸ்களில் பொட்டலமாக விற்றது. ஏலக்காய்த் தோட்டமும் தேயிலைத் தோட்டமும் மேற்கு மலையில் நிலைத்ததில் துப்பாக்கியைவிட இந்தக் கசப்புத் தூளுக்குப் பங்கு அதிகம்.

அகத்தியமலையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். திருவனந்தபுரம் வானாய்வுக்கூடத்தின் ஜான் ஆலன் புரூன் 1855-இல் அதன் உச்சியில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். காந்த ஊசியின் அசைவு கீழே எப்படி, ஆறாயிரம் அடி உயரத்தில் எப்படி என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. ஏறி இறங்குவது யாராலும் முடியும். அந்தக் குளிரிலும் மழையிலும் உச்சியிலேயே கிடந்து ஊசியைப் பார்த்துக் குறித்தவர்கள்தான் என் கணக்கில் பெரிய ஆட்கள்.

பஞ்சத்துக்கும் கடனுக்கும் பயந்து கரிசல்காட்டிலிருந்து மலையேறிய கூலிகள் எத்தனையோ பேர். தண்ணீரில்லாத காட்டில் வளர்ந்த உடம்பு ஓடைக்கரைக் கொசுவுக்கு எப்படித் தாங்கும்? துரைமார் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. இவர்கள் பெயர் வீட்டுப் பெரியவர்கள் வாயில்தான் இருக்கிறது, அதுவும் இன்னும் கொஞ்ச காலம்தான். உங்கள் குடும்பத்தில் ‘மலைக்குப் போனவர் திரும்பவில்லை’ என்று யாரையாவது சொல்வார்கள் என்றால், அவர் பெயர், போன ஊர், எந்தத் தோட்டம் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். ஒரு கார்டு போதும்.

அன்புடன்,
இடைசெவலிலிருந்து