தவக்காலத்தில் அண்ணாமலைக்குப் போகிறவர்களுக்கு

கிறிஸ்தவருக்குத் திருவண்ணாமலையில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அபிஷிக்தானந்தரைக் காட்டலாம். ஹென்றி லெ சோ என்ற இந்த பிரெஞ்சு பெனடிக்ட் சபைத் துறவி 1948இல் இந்தியா வந்தார். 1949 ஜனவரியில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியைப் பார்த்தார். அடுத்த ஆண்டு குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர். 1952 முதல் அவ்வப்போது வந்து அருணாசலம் என்னும் இந்த அண்ணாமலையின் குகைகளில் தனித்திருந்தார். நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத் தந்தையர் குகையிலும் குடிலிலும் இருந்து செபித்த மரபுதான் அது. அந்த வழியில் இரண்டு நாள் இங்கே அமைதியாக இருக்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள்.

செய்ய வேண்டியவை

● ஒரே இடத்தில் உட்காருங்கள். ரமணாஸ்ரமம், விருபாட்ச குகை, ஸ்கந்தாஸ்ரமம், எட்டு லிங்கம் என்று ஒரே நாளில் ஓடினால் அது சுற்றுலா. உன் அறையிலேயே இரு, வேண்டியதை அதுவே சொல்லித்தரும் என்பது அந்தப் பாலைவனத் தந்தையருள் ஒருவரான மோசேயின் அறிவுரை. விருபாட்ச குகையில் ரமணர் 1899 முதல் 1916 வரை இருந்தார். நாம் இரண்டு மணி நேரம் இருந்து பார்க்கலாம். உச்சிவேளையில் சலிப்பு வரும். அதே பாலைவனத்தில் இருந்த எவாக்ரியுஸ் அதைப் பேய் என்றே சொன்னார். சூரியன் நகரவில்லை என்று தோன்றவைக்கும், மூன்று மணி ஆயிற்றா என்று வெளியே எட்டிப் பார்க்கவைக்கும், இருக்கிற இடத்தையே வெறுக்கவைக்கும். நம் காலத்தில் செல்போனை எடுக்கவைக்கிறது. எழுந்து போகாமல் இருப்பதே அந்த வேளையின் செபம்.

● செபம் சின்னதாக இருக்கட்டும். எப்படிச் செபிப்பது என்று கேட்டவர்களிடம், நிறையப் பேச வேண்டாம், கையை விரித்து இரக்கம் கேட்டால் போதும் என்றார் பாலைவனத் தந்தை மக்காரியுஸ். திருப்பாடல் 70இன் தொடக்க வேண்டுதல் ஒன்றையே நாள் முழுக்கச் சொல்லச் சொல்கிறார், அத்தந்தையரின் போதனைகளை எழுதிவைத்த காசியான். நாமஜெபம் செய்கிற ஊரில் இதை விளக்கத் தேவையில்லை.

● கைக்கு வேலை கொடுங்கள். பாலைவனத் துறவிகள் ஓலையில் கயிறு திரித்து, கூடை முடைந்து, அதை விற்றுச் சாப்பிட்டார்கள். குருத்தோலை ஞாயிறுக்குச் சிலுவை பின்னத் தெரிந்தவர் நாலு ஓலையை எடுத்துப் போகலாம்.

● ஒருசந்தி பிடிப்பவர்கள் தண்ணீரை நிறுத்த வேண்டாம். மார்ச் வெயிலில் பாறை கொதிக்கும். நோன்பில் பிடிவாதமும் வேண்டாம்: விருந்தாளி வந்தால் அந்தப் பாலைவனத் தந்தையர் தங்கள் நோன்பையே விட்டுவிட்டு உடன் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

செய்யக்கூடாதவை

● மனந்திரும்புதலை நாள்கணக்கு ஆக்காதீர்கள். பெரிய பாவம் செய்துவிட்டேன், மூன்று வருடம் தவம் செய்கிறேன் என்று ஒருவர் பாலைவனத் தந்தை போய்மெனிடம் வந்தார். அது அதிகம் என்றார் அவர். ஒரு வருடம்? அதுவும் அதிகம். நாற்பது நாள்? அதுவும்தான். முழுமனதோடு திரும்பி, மறுபடி அதைச் செய்வதில்லை என்று இருப்பவனைக் கடவுள் மூன்று நாளில்கூட ஏற்றுக்கொள்வார் என்றார். நாற்பது நாளும் மாமிசத்தைத் தொடாமல் இருந்துவிட்டு, தம்பியோடு மட்டும் பேசாமல் இருக்கிற வீடுகள் நம்மிடம் எத்தனை! குகையில் அழுததோடு காரியம் முடிந்துவிடவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்கு ஊரில் பங்குத்தந்தை இருக்கிறார், சமாதானத்துக்குத் தம்பி இருக்கிறார்.

● யாரையும் தீர்ப்பிடாதீர்கள். கிரிவலப் பாதையில் எந்தச் சாமியார் அசல், எவர் போலி என்று எண்ணிக்கொண்டு போகத் தோன்றும். தவறு செய்த ஒரு சகோதரரை விசாரிக்கக் கூட்டம் கூடியபோது, மோசே ஓட்டைக் குடத்தில் தண்ணீரைச் சுமந்து வந்தார். என் பாவங்கள் எனக்குப் பின்னால் இப்படித்தான் ஒழுகிக்கொண்டே வருகின்றன, எனக்குத் தெரியவில்லை, இன்னொருவனை விசாரிக்க வந்திருக்கிறேன் என்றார். கூட்டம் அந்தச் சகோதரரை மன்னித்துவிட்டது.

● மதப் பிரசாரத் துண்டுப் பிரசுரம் கொண்டுபோகாதீர்கள். அபிஷிக்தானந்தர் இங்கே கேட்பதற்குத்தான் வந்தார்.

● மலையில் மெழுகுத்திரி வேண்டவே வேண்டாம். கோடையில் புல் காய்ந்து கிடக்கும்.

● பௌர்ணமியன்று அமைதி தேடி வராதீர்கள். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையும் தலைகளாகவே இருக்கும். ஈஸ்டர் தேதியே பௌர்ணமியை வைத்துக் கணக்கிடுவது. அதனால் புனித வாரத்தையொட்டி ஒரு பௌர்ணமி கட்டாயம் வரும். அதற்கு முந்தையது தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறையொட்டி விழும். நான்காம் ஞாயிறுக்கும் குருத்தோலை ஞாயிறுக்கும் நடுவில் வருவதுதான் உத்தமம்.